லேசாத் தேன் மாதிரி

“நாத்தம் இல்லன்னு சொன்னா இல்லதான். எத்தனை தடவை கேப்ப?”

“கிட்டப் போய் மோந்து பாத்துட்டுச் சொல்லுன்னுதானே சொல்றேன். அடுப்படியில நின்னுக்கிட்டு இல்ல இல்லன்னா என்ன அர்த்தம்?”

“என் மூக்கு அடுப்படியிலேர்ந்தும் வேலை செய்யும். உன்னோடது மாதிரி இல்ல.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. பதிலுக்குக் கடித்துக் குதற இது நேரமில்லை. சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், வீடு இன்னும் போட்டது போட்டபடி கிடக்கிறது. கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு, ஜன்னல் திட்டிலிருந்த பூந்தொட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இப்பப் பாரு.”

சின்னவள் பூவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இழுத்த மூச்சை உடனே விடவில்லை. கண் திறந்தபோது ஓரத்தில் தண்ணீர் கோத்திருந்தது.

“என்னடி?”

“தூசி. காலையிலேர்ந்து பெருக்கறேன்ல.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “லேசாத் தேன் மாதிரி இருக்கு. போதுமா?”

“தேனா? நெசமாவா?”

“நெசமாத்தான்.”

பெரியவள் தொட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். கொஞ்ச நேரத்துக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீடு அது. அக்காவும் தங்கையும் மட்டும்தான். பெரியவளுக்குச் சோப்புத் தொழிற்சாலையில் வேலை. சோப்புக் காய்ச்சுகிற இடத்தில் இல்லை. அதற்கு மேல் மாடியில், எப்போதும் கதவு சாத்தியிருக்கும் வாசனை அறையில். புதிதாகக் கலந்த வாசனை எண்ணெயில் காகிதக் கீற்றைத் தோய்த்து மோந்து பார்த்து, போன தடவை கலந்ததைப் போலவே இருக்கிறதா, இல்லை பிசகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். மோந்து பார்க்கிறதுக்குச் சம்பளமா, அப்போ எங்க வீட்டு நாய்க்கும் ஒரு வேலை வாங்கிக் கொடேன் என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் எலுமிச்சைத் தோலின் வாசனைக்கும் எலுமிச்சை இலையின் வாசனைக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று இந்த ஊரில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அந்த அறையின் தலைவர். பெரிய மூக்கு என்று முதுகுக்குப் பின்னால் பெயர். இன்னொருத்தி இவள்.

இவள் என்றால், குளிர்காலத்தில் அந்தக் காய்ச்சல் வரும் வரை இவள்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தாள். சளி இறங்கியது. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டாள், ஒன்றுமில்லை. வெங்காயத்தை நறுக்கி முகத்தோடு அப்பிக்கொண்டாள். கண் எரிந்தது, வாசனை இல்லை. உலகத்துக்கே யாரோ கண்ணாடி மூடி போட்டு வைத்ததைப் போலிருந்தது. டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரைக் கேட்டாலே சொல்லியிருப்பார்.

தொழிற்சாலையில் அவள் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மத்தியானம் வரும் மாதிரிகளுக்கு மறுநாள் காலை ரிப்போர்ட் கொடுத்தால் போதும். சின்னச் சின்னக் குப்பிகளில் அவற்றைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். நாய் பூனை ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வரும் தங்கையைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உட்கார வைத்து, கீற்றைத் தோய்த்து நீட்டுவாள். “நேத்து மாதிரியா? கூர்மையா இருக்கா, மொண்ணையா இருக்கா? கடைசியில கசப்பு வருதா?” தங்கை சொல்வாள். அக்கா அதைத் தொழில் மொழியில் எழுதுவாள். இத்தனை மாதமாக ஒரு ரிப்போர்ட்டும் பிசகவில்லை. தங்கைக்கும் நல்ல மூக்குதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

அந்த நாட்களில் பெரியவளைக் கைவிடாத ஒரே பொருள் இந்தத் தொட்டிச் செடி.

தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, விரல் நீளத் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். கள்ளி மாதிரி நாலு பட்டைத் தண்டு. முள்ளில்லை. தொட்டால் வெல்வெட். “பூத்தா அசந்து போயிடுவ” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. வெட்டுக் காயம் காய்ந்து தோல் கட்டும் வரை அதை அலமாரி மேல் போட்டு வைத்து, செங்கல் பொடியும் மணலும் கரித்துண்டும் கலந்த மண்ணில் நட்டாள். இதை வளர்க்கிற வேலையில் பாதி, தண்ணீர் விடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அடி வரைக்கும் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கிண்ணம். ஒரு வருஷம் நின்ற இடத்தில் நின்றது. அடுத்த வருஷம் பக்கத்தில் பிள்ளைத் தண்டுகள் விட்டது. காய்ச்சல் வந்து அவள் படுத்திருந்தபோது, அக்காவின் செடி வாடுகிறதே என்று பரிதாபப்பட்டுச் சின்னவள் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டாள். எழுந்து வந்து தொட்டால் அடித்தண்டு குழைந்திருந்தது. அழுகல் வாசனை அடித்திருக்கும், அவளுக்குத்தான் தெரியவில்லை. விரல்தான் சொன்னது. பச்சையாக மிச்சமிருந்த ஒரு துண்டை வெட்டி, மறுபடி காய வைத்து, மறுபடி நட்டாள். மாவுப்பூச்சி ஏறியது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு பட்டையாகத் துடைத்தாள். பார்க்கக் கண்ணும் தொட விரலும் போதும், மூக்கு தேவையில்லை என்று உலகத்தில் ஒரு வேலையாவது இருந்ததே.

பகல் குறுகத் தொடங்கியபோது தண்டின் அடியில் ஒரு மொட்டு வந்தது. அது நெல்லிக்காயாகி, எலுமிச்சையாகி, காற்றடைத்த தலையணையைப் போல உப்பியது. செல்போனில் செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் படம் போட்டுக் கேட்டாள். இந்தக் குடும்பத்துப் பூக்கள் பெரும்பாலும் அழுகிய மாமிசம் மாதிரி நாறும், ஈயை ஏமாற்றி வரவழைக்கத்தான் அந்த நாற்றம், ஆனால் ஒன்றிரண்டு வகை தேன் மாதிரி மணக்கும், எது என்று பூத்தால்தான் தெரியும் என்றார்கள். இதைத் தங்கையிடம் சொன்னவளும் அவள்தான்.

இன்று காலை பூத்துவிட்டது. விரித்த உள்ளங்கையைவிடப் பெரிதாக, ஐந்து முனை நட்சத்திரம். மங்கிய மஞ்சளில், குறுக்கே ரத்தச் சிவப்பாக மெல்லிய வரிகள். ஓரமெல்லாம் பூனை ரோமம். ஏதோ ஒரு மிருகம் தொட்டியில் படுத்துத் தூங்குவதைப் போல இருந்தது.

அதுவும் எந்த நாளில்! பெரிய மூக்கும் அவர் மனைவியும் வீட்டுக்கு வருகிற நாளில். அவர் ஓய்வு பெறப்போகிறார். அவர் நாற்காலியில் யார் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. யார் வீட்டுக்கும் டீ குடிக்கக்கூடப் போகாத மனுஷன், வெள்ளிக்கிழமை இவள் மேஜைக்கு வந்து, “ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியாம்மா? ஒரு விஷயம் பேசணும்” என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

தொட்டியை முன்னறைக்குக் கொண்டுபோய் நடு மேஜையில் வைத்தாள். சின்னவள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா ஜன்னலையும் திறந்தாள்.

“எதுக்குடி எல்லாத்தையும் தெறக்கற? தெருத் தூசி பூரா உள்ள வரும்.”

“காத்து வரட்டும்.”

“ஈதான் வருது. பாரு, பூ மேல ரெண்டு.”

“ஜன்னலைத் தெறந்தா ஈ வராம யானையா வரும்?”

பெரியவள் சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பேசினால் குத்தல், பேசாவிட்டால் பாத்திரங்களின் சத்தம். அதற்குக் காரணம் பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. இப்போது அதை எடுத்தால் சண்டை வரும். விருந்தாளி போகட்டும்.

மத்தியானம் மேல் வீட்டம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். குப்பை அள்ளுகிறவர்களை அவர்கள் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டே போனாள். “பாவம், கீழ குப்பைத் தொட்டியை இன்னிக்கும் எடுக்கல போல” என்றாள் பெரியவள். சின்னவள் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பெரிய மூக்கு முன்னால், அவர் மனைவி பின்னால். வாசலில் காலை வைத்ததும் அந்த அம்மா ஒரு கணம் அப்படியே நின்றாள். கைக்குட்டையைத் தேடிக் கை பைக்குள் போனது. “ஐயய்யோ, எலி எதுவும் செத்துக் கெடக்காம்மா?” என்று கேட்டே விட்டாள்.

“இல்லம்மா, கீழ குப்பைத் தொட்டி. எடுக்கறதே இல்ல. உள்ள வாங்க, உள்ள வந்தா தெரியாது.”

உள்ளே வந்தார்கள். பெரிய மூக்கு உட்காரவில்லை. மேஜையிலிருந்த பூவைப் பார்த்தார். தொழிற்சாலையில் குப்பியைத் திறக்கும்போது செய்வதைப் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, பூவின் மேல் நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எந்த நாற்றத்துக்கும் விழாது. அதுதான் அவர் பழக்கம்.

“இது எப்பம்மா பூத்துச்சு?”

“காலையில சார்.” பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “மூணு வருஷமா வளக்கறேன். விரலத்தனை துண்டு சார், அதுலேர்ந்து வந்தது. ஒரு தடவை அழுகியே போச்சு, வெட்டி நட்டுக் காப்பாத்தினேன்.”

“காலையிலேர்ந்து இந்த ரூம்லயேதான் இருக்கா?”

“ஆமா சார். வாசனையும் ரொம்ப லேசு. தேன் மாதிரி. உங்களுக்குச் சொல்லணுமா, நீங்கதான் மோந்து பாத்தீங்களே.”

அந்த அம்மா கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தாள். நல்ல வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள் போல. அவர் சிரிக்கவில்லை.

“தேனா?” என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்த சின்னவள், வாயை லேசாகத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஈக்கள் இரண்டில்லை. பூவின் நடுவில் மொய்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தது. காலையிலிருந்து இருந்தது.

“இந்த வாரம் புதுசா வந்துச்சே லேவண்டர், அதுக்கு ரிப்போர்ட் யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“எழுதினது நீன்னு தெரியும். மோந்து பாத்தது யாரு?”

அவர் அவளைப் பார்த்தார், பிறகு டீத் தட்டைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“மேலிடத்துல என் நாற்காலிக்கு உன் பேரைச் சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார். குரல் உயரவில்லை. காதுகள் மட்டும் சிவந்திருந்தன. “என் பேர் மேல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா. ரெண்டு குப்பி வைப்பேன். ஒண்ணுல தண்ணி. இன்னொண்ணுல வாசனை எண்ணெய். எதுன்னு சொன்னாப் போதும். அதுக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

டீயைத் தொடாமல் இறங்கிப் போனார்கள். படிக்கட்டில் அந்த அம்மா, “என்னங்க, என்னாச்சு? ஏன் இப்படி விறுவிறுன்னு?” என்று கேட்டுக்கொண்டே போவது கீழ்த்தளம் வரை கேட்டது.

பெரியவள் கதவைச் சாத்தினாள். சாத்தின வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் விழுந்தது.

“தேன்னு சொன்ன.”

“ஆமா.”

“நான் கையில தூக்கிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். மோந்து பாத்துட்டுத் தேன்னு சொன்ன.”

“ஆமாங்கறேன்ல.”

“வேணும்னே செஞ்சியா?”

“பின்ன தெரியாமலா செய்வாங்க? பொணம் மாதிரி நாறுது. காலையிலேர்ந்து எனக்குக் கொமட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு தடவை பாத்ரூம் போய் வாந்தி எடுத்தேன். உனக்கு அதுவும் தெரியல.”

“பாவி!” பெரியவள் கத்தினாள். “கூடப் பொறந்தவளாடி நீ? என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு எப்படிடி நின்னு பேசற? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, ‘அக்கா நாறுது’ன்னு சொல்லியிருந்தா…”

“சொல்லியிருந்தா? பூவைத் தூக்கி பால்கனியில வெச்சிருப்ப. அவர் வந்து டீ குடிச்சிட்டு, நாற்காலியை உனக்குக் கொடுத்துட்டுப் போயிருப்பார். அப்புறம் நான் சாகற வரைக்கும் உன் குப்பியை மோந்துக்கிட்டு இங்கயே கெடந்திருப்பேன்.”

பெரியவளின் கண்ணில் பட்டது பூதான். பாய்ந்து போய் அதை ஒரு கைப்பிடியாகப் பிடித்துப் பிய்த்தாள். ஈக்கள் ஒரேயடியாகக் கிளம்பி அவள் முகத்தில் மோதின. தடித்த சதை கையில் கிழிந்தது. நடுக்குழியில் வெள்ளை வெள்ளையாக, உடைத்த அரிசி மாதிரி, ஈக்கள் இட்டுவிட்டுப் போன முட்டைகள். மாமிசம் என்று நம்பி இட்டவை. பொரிந்தாலும் அங்கே தின்ன ஒன்றுமில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் தரையில் எறிந்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அதுல துடைக்காத! போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு.” சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

அந்த இரண்டடி பெரியவளை அறைந்தது. தன் கையில் என்ன ஒட்டியிருக்கிறதென்று தனக்குத் தெரியவில்லை. எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இனி எப்போதும் இப்படித்தான். அடுப்படிக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாற்றம் போய்விட்டதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

“நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்” என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே. “என்னால முடியல, நான் போறேன்னு.”

“சொன்னேன்.” சின்னவளின் குரல் உடைந்து கிறீச்சிட்டது. “மூணு தடவை சொன்னேன். வெளியூர்ல பெரிய மிருக ஆஸ்பத்திரியில எனக்கு இடம் கொடுத்திருக்காங்க, ஆபரேஷன் ரூம்லயே நிக்கலாம், குதிரை வரும், மாடு வரும், இங்க மாதிரி நாய்க்கு நகம் வெட்டற வேலை இல்லன்னு சொன்னேன். மொதல் தடவை, ‘மூக்கு வரட்டும் போ’ன்ன. ரெண்டாவது தடவையும் அதேதான். போன வாரம், இனிமே காத்திருக்க மாட்டாங்களாம்க்கான்னு அழுதுக்கிட்டே சொன்னேன். நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த தெரியுமா? அந்தச் செடிக்குப் பஞ்சால பூச்சி தொடைச்சிக்கிட்டிருந்த. திரும்பிக்கூடப் பாக்கல. ‘இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடு’ன்ன. ஏதோ பால் பாக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்ற மாதிரி.”

“நான் உன்னைப் பாத்துக்கல? படிக்க வெக்கல?”

“வெச்ச. அதுக்காக என் மூக்கைக் கழட்டிக் கொடுத்துட்டேன், இத்தனை மாசமா. தெனம் தலைவலி. சாப்பாடெல்லாம் ரோஜா. குளிச்சாலும் போக மாட்டேங்குது. வேலைக்குப் போனா நாய்ங்க என் கையை மோந்து பாத்துட்டுத் தும்முது. பூனை என்னைக் கண்டா பொட்டி மேல ஏறிக்குது. எங்க டாக்டர் சிரிக்கறார், கல்யாண வீட்லேர்ந்து நேரா வர்றியான்னு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்குத் தலை வலிக்குதாடின்னு கேட்டிருக்கியா?”

கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தப்பு தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கோபப்படுவது எத்தனை கொடுமை! எரிகிற அடுப்பைக் கையால் அணைக்கிற மாதிரி.

“அதுக்காக? அவர் எதிர்ல? அந்தம்மா எதிர்ல என்னை வாயைத் தெறந்து தேன்னு சொல்ல விட்டு…” முடிக்க முடியவில்லை. “அசிங்கமா இருக்குடி.”

சின்னவள் முறத்தை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிய்ந்த பூவை வாரிக் காகிதத்தில் சுற்றினாள்.

“அவர் வெச்ச பரீட்சை ஒண்ணும் பெருசில்ல” என்றாள் சின்னவள் கடைசியில். “நீ இந்நேரம் யோசிச்சு முடிச்சிருப்ப. குப்பியை லேசாக் குலுக்கினா எண்ணெய் கண்ணாடியில ஒட்டி மெதுவா எறங்கும். தண்ணி சட்டுனு எறங்கிடும். கண்ணாலயே பாத்துச் சொல்லிடலாம்.”

பெரியவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். உண்மைதான். அவர் படியிறங்கும்போதே அவள் மனசு குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டது. கதவைச் சாத்துவதற்கு முன்பே. தங்கையைப் பாவி என்று கத்திக்கொண்டிருந்தபோதுகூட, உள்ளே ஒரு மூலையில் அந்தக் குப்பி குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. திருடுகிறபோது விளக்கைப் போட்டதைப் போல உடம்பெல்லாம் கூசியது.

“நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.”

“சொல்லித் தரல. இனிமே எனக்கு அதைப் பத்திக் கவலையில்லன்னு சொல்றேன். நான் அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குச் சேர்றேன்னு. காலையில மொத பஸ்.”

“எப்பப் பண்ண?”

“நீ மேஜையைத் தொடைச்சிக்கிட்டிருந்தப்ப.”

உள்ளறையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் முன்னறையிலேயே நின்றாள். பூ போன பிறகும் செடி அப்படியேதான் நின்றது. மேஜையில் நாலு கோப்பை டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. போகட்டும். பொய் சொல்லிக் கழுத்தை அறுத்தவள் போகட்டும். இவள் இல்லாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடுமா? பால் கெட்டால் கெட்டுப் போகட்டும். கேஸ் கசிந்தால் கசியட்டும். நாளைக்குப் போவேன், குப்பியைப் பார்ப்பேன், சரியாகச் சொல்வேன். அவர் வாயடைத்துப் போவார். நாற்காலியில் உட்காருவேன். அதற்கப்புறம்? அதற்கப்புறம் மத்தியானம் புது வாசனை மாதிரிகள் வரும். கைப்பையில் குப்பிகளைப் போட்டுக்கொண்டு வருவேன். யாரிடம் நீட்டுவது?

கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு கோப்பையின் காது உடைந்தது. உடைந்ததற்கும் தங்கையைத்தான் திட்டினாள், வாய்க்குள்.

பிறகு உள்ளறை வாசலுக்குப் போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மடித்து வைத்த துணிகளை எடுத்து, உதறி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் சின்னவள் உள்ளே வைத்தாள். ஒவ்வொன்றிலும் ரோஜா, லேவண்டர், எலுமிச்சை ஒட்டியிருந்தது போல. இரண்டு துணிகளை முகம் சுளித்து ஒதுக்கிப் போட்டாள்.

“உன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல” என்றாள் பெரியவள்.

“எனக்கும்தான்.”

“தீரும்னும் தோணல.”

“தீர வேண்டாம்.”

“நாளைக்கு அவர்கிட்ட என் வாயால சொல்லிடலாம்னு இருக்கேன். காய்ச்சல்லேர்ந்து மூக்கு இல்ல, இத்தனை நாள் தங்கச்சிதான் மோந்து பாத்தான்னு. அவர் என்ன வேணா பண்ணிக்கட்டும்.”

சின்னவள் பெட்டியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “சொல்லு. எதுக்கு எங்கிட்டச் சொல்ற?”

“தனியாப் போனா சொல்ல மாட்டேன்.” இதைச் சொல்லப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “எனக்கு என்னைத் தெரியும். குப்பியை மேஜையில பாத்தா கை தானாப் போகும். குலுக்கிடுவேன். நீ பக்கத்துல நின்னா மாட்டேன். நீ எதுவும் பேச வேண்டாம். என்னைப் பாக்கக்கூட வேண்டாம். சுவத்தைப் பாத்துக்கிட்டு நில்லு. அவர் எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவார்.”

சின்னவளின் கை துணிமேல் அப்படியே நின்றது. அந்த முகத்தில் மறுபடியும் என்ன ஏறுகிறதென்று பெரியவள் பார்த்தாள். கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இதே வாயால்தான் மூன்று தடவை தள்ளிப்போடச் சொன்னாள். இது நாலாவது தடவை. நிலைப்படியைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன.

“மொத பஸ்ஸை விட்டுட்டு, அதுக்கு அடுத்த பஸ்ல போறியா?”